பொலிஸ் புத்தகத்தில் எங்கள் ஊர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி விறாந்தையில் நடந்த பேச்சு, ஊர் வட்ஸ்அப் குழுக்களில் அரைகுறையாகப் போயிருக்கிறது. "சேர் பொலிஸுக்கு எதிரா பெட்டிசம் போடச் சொல்றாராம்" என்று ஒருவர் குரல் பதிவு போட்டிருக்கிறார். நான் பெட்டிசம் என்று சொல்லவே இல்லை. எங்கள் ஊரைப் பற்றிப் பொலிஸ் நிலையத்துப் புத்தகங்களில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதைச் சட்டப்படி, எழுத்தில், ஊராகச் சேர்ந்து கேட்போம் என்றேன். அதைச் சொன்னதும் பெரியவர்கள் இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பார்த்த காலம் அப்படி.

ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், ஒரு என்ஜினால்தான்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா கடல் தொழில் செய்பவர். கரையில் கட்டிக் கிடந்த தோணியிலிருந்து அவருடைய வெளியிணைப்பு என்ஜினை இரவோடிரவாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு அது வெறும் இரும்பு இல்லை. இரண்டு சீட்டும் ஒரு கடனும் உம்மாவின் காதுத் தோடும் சேர்ந்ததுதான் அந்த என்ஜின். விடிந்ததும் போய் முறைப்பாடு கொடுத்தார். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. நான் அரச சம்பளம் எடுப்பவன் என்பது ஒரு காரணம். அந்த ஸ்டேஷனில் நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள் என்பது மற்றக் காரணம்.

அவர் தமிழில் சொன்னார். அங்கிருந்தவர் சிங்களத்தில் எழுதினார். கையெழுத்து வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தார். இலக்கம் எழுதிய ஒரு துண்டு கிடைத்தது. அதை நான்காக மடித்து பேர்ஸில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் திரிந்தார். "விசாரிக்கிறோம்" என்றார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கடன் கொடுத்த இடத்தில் பொலிஸ் அறிக்கையின் பிரதி கேட்டபோதுதான் என்னிடம் வந்தார்.

நானும் கூடப் போனேன். முதல் நாள், எழுதுகிறவர் லீவு. இரண்டாம் நாள், பெரியவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள், "கோர்ட்டில் போய் எடுங்கள்". வழக்கே இல்லாத முறைப்பாட்டுக்குக் கோர்ட்டில் எதை எடுப்பது? நான்காம் நாள் போகவில்லை. பாடசாலையில் தவணைப் பரீட்சை. அன்று இரவு உட்கார்ந்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்தத் திகதியில், இந்த இலக்கத்தில் பதிவான முறைப்பாட்டின் பிரதியும், அதன் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிய குறிப்பும் தேவை. தமிழில்தான் எழுதினேன். "தகவல் அலுவலர்" என்று விலாசமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

ஐந்து கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. முறைப்பாட்டின் பிரதி சிங்களத்தில். எங்கள் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கும் டீச்சர் கந்தளாய்ப் பக்கம். அவரிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, "சேர், இது களவு முறைப்பாடு இல்லையே. பொருள் தொலைந்துபோன முறைப்பாடு" என்றார். கடைசி வரியையும் மொழிபெயர்த்தார். மேலதிக விசாரணை தேவையில்லை, பதிவுக்காக மட்டும் இதைச் செய்கிறேன் என்று முறைப்பாட்டாளர் கூறுகிறார். அதன் கீழே எங்கள் ஆளின் கையெழுத்து.

"சேர், என்ஜின் களவு போச்சி என்டுதானே நான் சொன்னன்" என்றார் அந்த மனிதர். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

எட்டு மாதமாக ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதப்படவே இல்லை. வேண்டுமென்று எழுதினார்களா, மொழி விளங்காமல் எழுதினார்களா, களவுக் கணக்கைக் குறைத்துக் காட்ட எழுதினார்களா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு, வாயால் சொல்லப்படும் முறைப்பாட்டைச் சொன்னவரின் மொழியிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. அந்த மொழியில் எழுத அந்த உத்தியோகத்தரால் முடியாவிட்டால், சொல்பவரையே தன் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். இது புதுச் சட்டம் இல்லை. நான் பாடசாலைக்குப் போக முந்திய சட்டம்.

பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பப் போய், புதிதாக வாக்குமூலம் கொடுத்தார். இந்த முறை தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் எழுதினார், களவு என்று எழுதினார். என்ஜின் கிடைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு மாதம் போன என்ஜின் எங்கே கிடைக்கும்? ஆனால் இந்தக் கதை கரையில் பரவியதும் இன்னும் மூன்று பேர் மடித்த துண்டுகளோடு என் வீட்டுக்கு வந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு இந்த யோசனை. ஒவ்வொருவராகக் கேட்டால் ஒவ்வொருவருக்கும் பயம். ஒவ்வொருவரின் பெயரும் தனியாகத் தெரியும். ஏன் ஊராகக் கேட்கக் கூடாது?

இதைச் சொன்னதும் ஒரு தம்பி சட்டக் கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. "சேர், எங்கட ஊருக்கு நகரசபை இல்லை. தனி ஸ்டேஷனும் இல்லை. கரைவலைக்காரருக்குப் பதிவு செய்த சங்கமும் இல்லை. நாங்க யார் என்டு போடுறது?"

உண்மைதான். எங்கள் ஊர் உள்துறைமுகத்துக் கரையில் இருக்கிறது. ஆனால் பட்டண எல்லைக்கு வெளியே. பிரதேச சபையின் ஓரத்தில் ஒரு வட்டாரத்தில் கொஞ்சம். தரையில் ஒன்று நடந்தால் ஒரு ஸ்டேஷன், துறைமுகத் தண்ணீரில் நடந்தால் துறைமுகப் பொலிஸ் என்பார்கள், கொஞ்சம் வெளியே போனால் கடற்படை, வலை அறுந்தால் கடற்றொழில் திணைக்களம். மூதூராரும் கிண்ணியாவாரும் சீனக்குடாக்காரரும் இதில் எங்களை விட வித்தியாசம் இல்லை. ஒரே தண்ணீரைச் சுற்றி நாலைந்து பொலிஸ் பிரிவு. தோணியும் தோணியும் முட்டினால், முட்டிய இடம் யாருடைய இடம் என்று முடிவாகுமுன் பொழுது சாய்ந்துவிடும். பொலிஸ் எங்கள் நாட்டில் பிரதேச சபையின் கையில் இல்லை, மாகாண சபையின் கையிலும் இல்லை. 13 ஆவது திருத்தத்தில் எழுதியிருப்பது எழுத்திலேயே நிற்கிறது. ஆகையால் நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினரிடம் பொலிஸ் கணக்குக் கேட்டும் பயனில்லை. அவருக்கும் தெரியாது.

ஆனால் தகவல் சட்டத்தின் 43 ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். சொற்களுக்குப் பொருள் சொல்லும் பிரிவு அது. தகவல் கேட்கும் உரிமை பிரசைக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. பிரசை என்றால் யார்? தனி ஆள் மட்டும் இல்லை. கூட்டிணைக்கப்பட்ட அமைப்போ, கூட்டிணைக்கப்படாத அமைப்போ, அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதோர் இந்த நாட்டுப் பிரசைகளாக இருந்தால், அந்த அமைப்பும் பிரசைதான். கூட்டிணைக்கப்படாத என்ற சொல்லைக் கவனியுங்கள். கரைவலைக்காரர் குழு பிரசை. பழைய மாணவர் குழு பிரசை. பள்ளி ஜமாஅத் பிரசை. பதிவுச் சான்றிதழ் எங்கே என்று எவராவது கேட்டால் அந்தப் பிரிவைக் காட்டினால் போதும். சட்டம் எழுதியவர்கள் எங்கள் மாதிரி ஊர்களை யோசித்துத்தான் எழுதினார்களோ தெரியாது. எங்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது.

ஏன் கேட்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அதுவும் சட்டத்தில் இருக்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டால், தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தருவதென்றால் அடுத்த 14 நாளுக்குள் தர வேண்டும். பெரிய வேலையென்றால் இன்னும் 21 நாள் வரை நீட்டிக்கலாம். ஒருவரின் உயிரோ உடற்சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே என்று தெரியாமல் நாலு ஸ்டேஷன் வாசலில் நிற்கும் உம்மாமார் இந்தக் கடைசி விசயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தராவிட்டால், அல்லது பதிலே வராவிட்டால், 14 நாளுக்குள் அந்தத் திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் இருக்கும் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, பிரதிக்கு முதல் நாலு பக்கம் இலவசம், பிறகு பக்கத்துக்கு ரூபாய்க் கணக்கில்தான். அரசியல்வாதியின் ஆளைப் பிடித்து, அவருக்கு ஆட்டோக் காசும் சாப்பாடும் கொடுத்து, "நான் சொல்லிவிட்டேன், நடக்கும்" என்ற சொல்லை வாங்கி வருவதை விட இது மலிவு. அந்த ஆட்கள் சில பேர் இந்தப் பதிவை வாசிப்பார்கள் என்று தெரியும். உங்கள் பிழைப்பைக் கெடுப்பது என் நோக்கம் இல்லை, காக்கா. ஆனால் கெட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

எல்லாம் தருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 5 ஆம் பிரிவில் தர மறுக்கக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. நடக்கிற விசாரணையைக் கெடுக்கும் தகவல், தகவல் கொடுத்தவரின் அடையாளம், தேசியப் பாதுகாப்பு, பிறருடைய அந்தரங்கம். இவை நியாயமானவை. எங்கள் ஊரில் கசிப்புக்காரனைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் தரக் கூடாது, தரவும் மாட்டார்கள். ஆனால் அந்தக் காரணங்களை விடப் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் இரண்டு வரி மறைக்க வேண்டியதென்றால், அந்த இரண்டு வரியை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தர வேண்டும். முழுக் கோவையையும் பூட்டி வைக்க முடியாது.

இனி, அவசரம் ஏன் என்பதற்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை இதைச் சொல்ல விடவில்லை.

இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. ஒவ்வொரு அரச நிறுவனமும் தன் பதிவேடுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று 7 ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் வந்த பிறகு எழுதப்பட்ட பதிவு என்றால், எழுதிய நாளிலிருந்து குறைந்தது 12 வருடம். சட்டம் வருமுன்பே இருந்த பழைய பதிவுகள் என்றால், சட்டம் வந்த நாளிலிருந்து குறைந்தது 10 வருடம். விரல் விட்டு எண்ணுங்கள். 2027 பெப்ரவரி 3. அதற்கு மறுநாள் எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. கொளுத்தினால், ஏன் கொளுத்தினீர்கள் என்று கேட்க இந்தப் பிரிவில் எங்களுக்குப் பிடி இருக்காது என்று சொல்கிறேன். அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பதிவைக் கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டால், அந்த விண்ணப்பமும் அதன் மேன்முறையீடும் முடியும்வரை அதை அழிக்கக் கூடாது. தெரிந்துகொண்டே அழிப்பது குற்றம். 50,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டு வருடம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

பழைய பதிவு எங்களுக்கு எதற்கு என்கிறீர்களா? 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிண்ணியாவிலும் எங்கள் பக்கத்திலும் உறுதியும் அடையாள அட்டையும் கலியாணப் பதிவும் தண்ணீரோடு போயின. எத்தனை குடும்பத்திடம் இன்று மிச்சமிருக்கும் ஒரே அத்தாட்சி பொலிஸில் கொடுத்த அந்த முறைப்பாட்டு இலக்கம்? 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனம் கையில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாகக் கந்தளாய்க்கு நடந்தது. திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் கூரை இல்லை, மாட்டுப் பட்டியில் மாடு இல்லை. முறைப்பாடு கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். அந்தப் பதிவெல்லாம் 2017 இற்கு முந்தியவை. 2014 ஓகஸ்டில் இராணுவம் இருந்த காணிக்குள் கருமலையூற்றுப் பள்ளிவாசல் தரைமட்டமானது. இடித்தார்கள் என்று ஊர் சொன்னது, தானாக விழுந்தது என்று மற்றப் பக்கம் சொன்னது. அது பற்றி எந்தப் புத்தகத்தில் எந்த வரி எழுதப்பட்டிருந்தாலும் அதுவும் 2017 இற்கு முந்தியதுதான்.

எழுதிய தாள் என்ன செய்யும் என்று திருமலைக்காரருக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று அதிகாரத் தரப்பில் சொன்னார்கள். சுடரொளிப் பத்திரிகையின் நிருபர் சுகிர்தராஜன் பிரேத அறையில் எடுத்த படங்கள், சூட்டுக் காயம் தலையில் இருப்பதைக் காட்டின. அதே மாதம் 24 ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். பிறகு ஆணைக்குழு, விசாரணை, 13 பேர் கைது. 2019 ஜூலையில் சாட்சி போதாது என்று அந்த 13 பேரும் விடுதலை. சாட்சிகள் பயந்து நாட்டை விட்டுப் போன வழக்கில், நிருபர் எடுத்த படம் மட்டும் அப்படியே நிற்கிறது.

எங்கள் துறைமுகத்துக்குள்ளேயே இன்னொன்று. 2008, 2009 இல் கொழும்புப் பக்கம் கடத்தப்பட்ட 11 பேரை, தமிழரும் முஸ்லிமுமாக, இங்குள்ள கடற்படைத் தளத்துக்குள் வைத்திருந்ததாகச் சீஐடி நீதிமன்றத்தில் சொன்னது. அந்த வழக்கின் நுனி எங்கே கிடைத்தது? அப்போதைய கடற்படைத் தளபதி தன்னுடைய பாதுகாப்பு அதிகாரி மீது 2009 இல் தானே கொடுத்த ஒரு முறைப்பாட்டில். வேறு காரணத்துக்காகக் கொடுத்த முறைப்பாடு அது. எழுதப்பட்டுவிட்டது, எண் விழுந்துவிட்டது. பிறகு அது போன போக்கை எவராலும் மறைக்க முடியவில்லை. அந்தத் தாய்மார் இன்னும் நீதிக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

இப்போது எழும்பிப் போன பெரியவர்களிடம் வருகிறேன். அவர்கள் சொன்னது, "2019 ஐ மறந்திட்டியா மகன்?" மறக்கவில்லை. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு எங்கள் வீடுகளில் குர்ஆன் வைத்த அலுமாரியைக் கூடக் கிளறினார்கள். அரபு எழுத்துள்ள புத்தகங்களைக் கிணற்றுக்குள் போட்ட வீடும் எனக்குத் தெரியும். ஹசலகவில் ஒரு சகோதரி கப்பல் சுக்கான் படம் போட்ட சட்டை உடுத்ததற்கு, அது தர்மச் சக்கரம் என்று பிடித்து மறியலில் போட்டார்கள். துறைமுகத்துப் பிள்ளைகள் நாங்கள், சுக்கானையும் சக்கரத்தையும் எங்களுக்குத் தெரியும், அங்கே தெரியவில்லை. பிற்பாடு அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சகோதரி விடாமல் வழக்குப் போட்டதால் கிடைத்த தீர்ப்பு அது. அந்தக் காலத்து பயம் பொய்யில்லை என்று பெரியவர்களுக்குச் சொல்கிறேன். ஆனால் பயந்து கேட்காமல் இருந்தால் எங்களைப் பற்றி எழுதாமல் விடுவார்களா? எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாங்கள் வாசிக்காமல் இருக்கிறோம், அவ்வளவே.

இன்னொரு மறுப்பு ஜமாஅத்துக்குள் இருந்தே வந்தது. ஊர்ப் பிரச்சினையை ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்வோம், பொலிஸ் எதற்கு? எல்லை வேலிச் சண்டைக்கும் மாடு மேய்ந்த சண்டைக்கும் இது சரி. நானே எத்தனையோ பிணக்கைத் தீர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் நாங்கள் தீர்த்து வைத்ததை எங்கே எழுதினோம்? பத்து வருடத்துக்குப் பிறகு அதே வேலி பேரப்பிள்ளைகளின் சண்டையாக வருகிறது. குர்ஆனில் ஆக நீளமான வசனம், பகராவின் 282, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்று ஒவ்வொரு ரமழானிலும் பயான் கேட்கிறோம். பயான் முடிந்ததும் சகர் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கிறோம்.

ஒரு விசயத்தில் மட்டும் நான் ஜமாஅத்தோடு கறாராக நிற்பேன். ஊராகக் கேட்கும் விண்ணப்பத்தில் தனி ஆட்களுடைய முறைப்பாட்டை, முக்கியமாகப் பெண்பிள்ளைகள் கொடுத்த முறைப்பாட்டை, ஒருக்காலும் கேட்கக் கூடாது. கூட்டத்தில் ஒருவர், "எங்கட பொம்புளைகள்ல யார் யார் புருசன் மேல போய் எழுதி வைச்சிருக்காங்க என்டும் எடுப்போமே" என்றார். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு பெண் வீட்டை விட்டு, தெருவைக் கடந்து, ஆண்கள் நிற்கும் ஸ்டேஷனுக்குள் போய் ஒரு சொல் எழுதிவிட்டு வருவதற்கு எவ்வளவு அடி வாங்கியிருப்பாள். அந்தச் சொல்லை ஊர் கையில் கொடுக்க இந்தச் சட்டம் இல்லை, 5 ஆம் பிரிவு அதைத் தடுக்கவும் செய்கிறது. அவள் தன்னுடைய முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று தானே கேட்கலாம். பாதிக்கப்பட்டவர்களுக்கென்று 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது, விசாரணை எந்த அளவில் நிற்கிறது என்று கேட்டறியும் உரிமை அதில் உண்டு. கடிதம் எழுதத் தெரியாவிட்டால் என் வீட்டம்மாவிடம் வாருங்கள். நான் அந்த அறைக்குள் வர மாட்டேன்.

ஊராகக் கேட்க வேண்டியது பெயர்கள் இல்லை, எண்ணிக்கையும் நடவடிக்கையும். எங்கள் கிராம சேவகர் பிரிவிலிருந்து கடந்த ஐந்து வருடத்தில் என்ஜின், வலை, தோணி சம்பந்தமாக எத்தனை முறைப்பாடு? அதில் களவு என்று எத்தனை, தொலைந்தது என்று எத்தனை? "பதிவுக்காக மட்டும்" என்று முடிக்கப்பட்டவை எத்தனை? நீதவான் நீதிமன்றத்துக்குப் போனவை எத்தனை? தமிழில் எழுதப்பட்டவை எத்தனை? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் எண்ணைத்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன்.

பாடசாலைக்கு முன்னால் உள்ள வீதி இன்னொன்று. பிள்ளைகள் விடும் நேரத்தில் டிப்பர் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். வேகத்தடை கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனால், "விபத்துப் பதிவு இருந்தால் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். அந்தப் பதிவு பொலிஸில். பொலிஸில் எப்போதாவது கேட்டோமா? பாடசாலை அபிவிருத்திச் சங்கமே கேட்கலாம், அதுவும் ஒரு அமைப்புத்தான்.

2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பாலம் கட்டிக்கொண்டிருந்தபடியால் சனம் அதில்தான் போய்வந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மௌத்து, பிறகும் உயிர் போனது. அனுமதி யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று அதற்குப் பிறகு எல்லோரும் கேட்டோம். ஜனாஸா அடக்கிய பிறகு கேட்டோம். அந்தப் பாதை ஓடத் தொடங்கிய முதல் கிழமையில், இதற்கு அனுமதி இருக்கிறதா, பாதுகாப்புப் பற்றி ஏதாவது முறைப்பாடு பதிவாகியிருக்கிறதா என்று கிண்ணியாவில் ஒரு சங்கம் ஒரே ஒரு பக்கத்தில் நகரசபையிடமும் பொலிஸிடமும் எழுத்தில் கேட்டிருந்தால், 14 வேலை நாளுக்குள் யாராவது ஒருவர் கையெழுத்து வைத்துப் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். கையெழுத்து வைக்க வேண்டி வந்தால் மனிதன் ஒருமுறை போய்ப் பார்ப்பான். கிண்ணியா உறவுகளைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. எங்கள் கரையிலும் அதே மாதிரித் தோணியில்தான் பிள்ளைகள் வருகிறார்கள், நானும் இதுவரை எழுதிக் கேட்டதில்லை. இந்தக் கிழமை எழுதுகிறேன்.

நடைமுறைக்கு வருவோம். சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு பள்ளி விறாந்தையில் மஷூரா. மூன்று விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று கரைவலைக்காரர் குழுவின் பெயரில், ஒன்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில், ஒன்று ஜமாஅத்தின் பெயரில். தோணி, என்ஜின் விசயத்தில் துறைமுகப் பொலிஸுக்கும் தரைப் பக்கத்து ஸ்டேஷனுக்கும் இரண்டுக்குமே போடுவோம். எங்களுடையதில்லை என்று இரண்டும் சொன்னால், அந்தப் பதிலே எங்களுக்கு வேண்டிய தகவல். சுனாமிக் காலத்து, இடம்பெயர்ந்த காலத்து முறைப்பாட்டுத் துண்டு வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டு வாருங்கள். துண்டு இல்லாதவர்கள் எந்த மாதம், எந்த ஸ்டேஷன் என்று ஞாபகம் இருப்பதை எழுதி வாருங்கள். அவரவர் பெயரில் தனித்தனியாக இங்கேயே எழுதித் தருகிறேன். பதிவுத் தபால் செலவு என்னுடையது. மூத்தம்மாமாருக்கு முதலிடம், அவர்கள் கதிரையில் இருக்கட்டும்.

43 ஆம் பிரிவின் போட்டோகொப்பி இருபது எடுத்து வைத்திருக்கிறேன். கண்ணாடியைக் கொண்டு வாருங்கள், எழுத்து சின்னது.